கேசட்டின் வாலைத் தேடி மட்டக்களப்பில் மூன்று நாள்

மட்டக்களப்பில் நான் ஏறிய முதல் ஆட்டோவின் டிரைவர், "பாடுமீன் கேக்க வந்தீங்களா?" என்றார். வாவியில் மீன் பாடும் என்று பேர்போன ஊருக்கு இந்தியாவிலிருந்து வருகிறவன் வேறு எதற்கு வரப்போகிறான் என்ற முடிவோடு கேட்ட கேள்வி. இல்லை, நாவற்குடாவில் ஒரு தச்சுப்பட்டறைக்குப் போக வேண்டும் என்றேன். "கதவு செய்யவா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல அந்தத் தூரம் போதாது.

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவன். மீதி நேரத்தில் 'இரைச்சல்' என்று ஒரு ஜெராக்ஸ் பத்திரிகை நடத்துகிறேன். சினிமாவும் வானொலியும் சீண்டாத சங்கீதத்துக்கான பத்திரிகை. கார் ஷெட்டிலும் மொட்டை மாடியிலும் நின்று கத்துகிறவர்களின் பேட்டி, விமர்சனம், ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் கடிதங்கள் எல்லாம் வரும். நடுநடுவே கேசட்டும் போடுவோம். இந்தக் காலத்தில் கேசட்டா என்று என் மனைவி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

புதுக் கேசட் சுலபமாகக் கிடைக்காது. பழைய சாமான் கடைகளில் மூட்டையாக வாங்கி, அதில் இருப்பதன் மேலேயே பதிவு செய்வோம். எங்கள் பாட்டு முடிந்த பிறகு பக்கத்துக்கு ஒரு நிமிடம் போலப் பழையது மிஞ்சியிருக்கும். பக்திப் பாட்டு, கல்யாண வீட்டு நாதஸ்வரம், யாரோ ஒருவர் ஹிந்தி கற்றுக்கொள்வது என்று எதுவாகவும் இருக்கலாம். அதற்கு 'வால்' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பிரதிக்கும் தனி வால். வாசகர்கள் எனக்கு எழுதுவதில் பாதி வாலைப் பற்றித்தான்.

அந்தப் பெருமைதான் கடைசியில் என் தலையில் விழுந்தது.

வவுணதீவுப் பெண் தர்ஷிகா ஐந்து வருடமாக எனக்கு எழுதிக்கொண்டிருந்தாள். 'உப்புத்தண்ணி' என்று ஒற்றைத் தாளில் அவளும் ஒரு பத்திரிகை நடத்தினாள். நகலெடுத்து, மடித்து, பஸ் சீட்டின் முதுகில் செருகிவிட்டு இறங்கிவிடுவாளாம். யார் எடுத்தாலும் வாசகர்தான். என் பத்திரிகையின் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு வட்டம் போட்டுப் படமெடுத்து அனுப்புவாள். நான் அவளை நேரில் பார்த்ததே இல்லை. நகரத்தில் கணக்கியல் படிக்க வந்த இடத்தில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு இசைக்குழு தொடங்கினாள். பெயர் 'வட்டைவிதானை'. ஏதோ சித்திரவதைக் கருவி என்று நினைத்து நான் மகிழ்ந்துபோனேன். இங்கே நெல்வயல் பரப்புக்கு வட்டை என்று பெயர், அதற்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கும் ஆள்தான் வட்டைவிதானை என்று எழுதினாள். தொண்டையின் அடியிலிருந்து உறுமிப் பாடுவாள். ஆணா பெண்ணா என்றே தெரியாது.

அவர்கள் ஒத்திகையை ஒரு மணி நேரக் கேசட்டில் பதிந்து, கோவைக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். "இது ஒன்றுதான் இருக்கிறது, கவனம்" என்று சீட்டு வைத்திருந்தாள். நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பாட்டுகளை எடுத்துக்கொண்டேன். நடுவில் பேசியது, சிரித்தது, சண்டை பிடித்தது எல்லாவற்றையும் வெட்டி அழித்தேன். எங்கள் கூட்டத்துக்கு அப்படியொரு திமிர், பாட்டு மட்டும்தான் நிற்க வேண்டும் என்று. வேலை முடிந்த கேசட் எங்கள் ஷெட்டில் மூட்டைக்குள் போகும். அதையும் போட்டேன். கையின் பழக்கம். பிறகு ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் எங்கள் ஊர்ப் பையன்கள் என்று நாற்பது பிரதி அந்த மூட்டையிலிருந்தே பதிந்து அனுப்பினோம்.

போன மாரியில் டெங்கு வந்து, ஐந்தாம் நாள் தர்ஷிகா செத்துப்போனாள். இருபத்து நான்கு வயது.

ஒரு மாதம் கழித்துக் குழுவில் டிரம் அடிக்கும் ரொட்னி எழுதினார். அவளுடைய அம்மா மகளின் குரல் வேண்டும் என்று கேட்கிறார். பாட்டைப் போட்டுக் காட்டினால், இதில் என் மகள் எங்கே என்கிறார். அவள் தொண்டையைக் காப்பாற்ற வேண்டும் என்று குரல் செய்தியே அனுப்பமாட்டாள், எல்லாம் எழுத்துதான். அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். அந்தக் கேசட்டில் பேச்சு இருக்குமே, அதை அனுப்புங்கள்.

நான் இரண்டு நாள் பதில் எழுதவில்லை. பிறகு பிரதி வாங்கிய எல்லோருக்கும் எழுதினேன். முப்பத்தேழு பேரும் தங்கள் வாலைக் கேட்டுப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஒன்றிலும் அவள் இல்லை. மிச்சம் மூன்று பிரதி, குழுவுக்கென்று மட்டக்களப்புக்கே நான் அனுப்பியவை. கேட்டுப் பார்க்க அங்கே கருவி கிடையாது. ஒத்திகையைப் பதிந்த ரேடியோவின் பெல்ட் அறுந்து நாளாகிவிட்டது. கேசட்டை ஆசையாக வாங்கிவிட்டுப் போனில் பாட்டுக் கேட்பது எங்கள் உலகத்தின் வழக்கம். ஆகவே வாக்மேனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நானே வந்தேன். அழித்தது நான் என்று மட்டக்களப்பில் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை, டேப்பைக் காணவில்லை என்றுதான் எழுதியிருந்தேன். அதைக் கடிதத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரொட்னி பறங்கியர், போர்த்துக்கீசர் வழி வந்தவர். நாற்பதை நெருங்கும் தச்சர். பட்டறையின் ஒரு மூலையில் தார்ப்பாய் போர்த்திய டிரம் செட். சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பக்கத்து மரக்காலையில், மரம் அறுக்கும் இடத்தில், வாள் ஓடத் தொடங்கும். அந்தச் சத்தத்துக்குள் இவர்கள் ஒத்திகை பார்ப்பார்கள். வாள் நின்றால் இவர்களும் நிறுத்த வேண்டும். வருடக்கணக்காக அயலில் ஒருவருக்கும் தெரியாதாம்.

"சனம் மரம் அறுக்கிற எண்டு நினைச்சிட்டு இரிக்கும்," என்றார் ரொட்னி.

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன். டேப் தொலையவில்லை, நான்தான் மேலே பதிந்துவிட்டேன், மூட்டையில் போட்டேன், எது என்று தெரியாது. ரொட்னி கையிலிருந்த உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கசற் திருப்பி வேணுமா எண்டு ஒரு வரி எழுதிக் கேட்டிரிக்கலாம்தானே அண்ணன்."

கேட்டிருக்கலாம். எத்தனை வரி எழுதியிருக்கிறேன் அவளுக்கு, மேளக்காரன் தாளம் தப்பியதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரியை எழுதவில்லை.

அவருடைய பிரதியை வாக்மேனில் போட்டேன். வாலில் கல்யாண மண்டபம். யாரோ ஒரு பெண், மாப்பிள்ளையின் தாய்மாமனை மேடைக்கு வரச்சொல்லிக் கொங்குத் தமிழில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் வருவதற்குள் டேப் முடிந்தது. ரொட்னியும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி என்னிடம் தந்தார்.

மதியம் அவர் மனைவி நண்டுக் குழம்பும் பிட்டும் வைத்தார். எங்கள் ஊரில் பிட்டு என்றால் வாழைப்பழமும் சர்க்கரையும்தான். இங்கே குழம்பை ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிடுகிறார்கள். கண்ணில் தண்ணீர் வந்தது. உறைப்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு நான் சொன்ன இரண்டாவது பொய்.

மறுநாள் வாழைச்சேனைக்குத் தனியாகப் பஸ் ஏறினேன். கிட்டார் வாசிக்கும் றிஸ்வி அங்கே மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் வாடியில், மீனுக்கு ஐஸ் போடும் கொட்டகையில், வேலை செய்கிறான். பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்றவரின் கூடையிலிருந்து மீன் தண்ணீர் சொட்டுச் சொட்டாக என் பையில் இறங்கியது. வாக்மேனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட் அம்மா, "என்ன தம்பி அது, பிரஷர் பாக்கிற மிசினா?" என்றார். பாட்டுக் கேட்கிறது என்றேன். அவர் பார்த்த பார்வையில், இவ்வளவு பெரிய ஆளுக்கு நல்ல போன் ஒன்று இல்லையே என்ற இரக்கம் இருந்தது.

அவர் இறங்கிய பிறகு முன்சீட்டின் முதுகில் கையை விட்டுத் துழாவினேன். 'உப்புத்தண்ணி' ஏதாவது ஒன்று மிச்சம் இருக்கும் என்று மடத்தனமாக ஒரு எண்ணம். கச்சான் கோதும் ஒரு பழைய டிக்கெட்டும் வந்தன. கச்சான் என்றால் நிலக்கடலை. இதைக்கூட அவள்தான் எனக்குச் சொல்லியிருந்தாள்.

வாழைச்சேனையில் பழைய காகித ஆலையைத் தாண்டி இறங்கினேன். ஒரே ஒரு இதழையாவது அங்கே செய்த தாளில் போட வேண்டும் என்பது அவள் ஆசைகளில் ஒன்று. போட்டாளா என்று நான் கேட்டதில்லை.

ஐஸ் வாடியில் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. றிஸ்வி இருபத்தைந்து வயது, ஒல்லி, கையெல்லாம் வெடிப்பு. சுவரில் தொங்கிய பொலித்தீன் பைக்குள்ளிருந்து தன் பிரதியை எடுத்தான்.

"வீட்ட வைக்கேலா நானா. வாப்பா கண்டாரெண்டா அடுப்புக்குள்ளதான்."

நானா என்றால் அண்ணன். அவனிடமும் நடந்ததைச் சொன்னேன். தலையை ஆட்டினான். முதல் பக்கத்தின் வாலில் டிரம் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் ஊர்ப் பையன்கள் இருக்கிற மறுபக்கத்தைத் திருப்பினேன். வாலில் யாரோ ஒரு ஆண், குடித்தவன் போல இழுத்து இழுத்து என்னவோ சொன்னான். இதுவும் இல்லை என்று கழற்றப் போனேன். றிஸ்வி ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, "பற்றி செத்துப்போச்சி நானா," என்றான். ஓடிப்போய்த் துறையடிக் கடையில் இரண்டு பேட்டரி வாங்கிவந்தான்.

புதுப் பேட்டரியில் அந்தக் குடிகாரன் ஒரு பெண்ணானான்.

ஐந்து வருடத்தில் அன்றைக்குத்தான் நான் அவள் குரலைக் கவனித்துக் கேட்டேன். டேப்பை ஏற்றிய நாளில் கேட்டிருப்பேன், வெட்டுவதற்காக. மெல்லிய, கொஞ்சம் மூக்கடைத்த குரல். டிரம் நிற்கிறது, போன் அடிக்கிறது. "ஓம் அம்மா," என்கிறாள். சற்று இடைவெளி. "கிளாஸ்லதான் இரிக்கன்." இடைவெளி. "திண்டிட்டன்." இடைவெளி. "மீன்தான்." மீண்டும் இடைவெளி. "ஐயோ அம்மா, சேர் வாறார், மறுகா எடுக்கன்." சார் வருகிறார், பிறகு எடுக்கிறேன் என்கிறாள். உடனே தூரத்தில் ரொட்னி, "சேர் எண்டு என்னையா கா சொல்றாய்?" என்கிறார். அவள் சிரிக்கிறாள். சிரிப்பின் நடுவில் டேப் முடிகிறது.

ஒரு நிமிடம்கூட இல்லை. றிஸ்வி மூன்று தடவை கேட்டான். மூன்றாவது தடவை ஐஸ் பாளம் ஏற்ற வந்த படகுக்காரரிடம், பொறுங்க நானா, பொறுங்க என்று கையைக் காட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

ரொட்னிக்குப் போன் போட்டோம். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். என்ன பேசுகிறாள் என்று கேட்டார். சொன்னேன்.

"அத அந்தம்மாட்டக் குடுக்கேலாது அண்ணன். தாய்க்குப் பொய் சொல்ற சத்தம் அது. புள்ள செத்தும் தாய்க்குப் பொய்தான் சொல்லோணுமா?"

"வேற சத்தம் இல்லையே," என்றான் றிஸ்வி போனைப் பார்த்து.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வாலை என் போனில் பதிந்துகொண்டு, வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்தே திருத்தினேன். கிளாஸை எடுத்தேன். சேரை எடுத்தேன். ரொட்னியை எடுத்தேன். இடைவெளிகளை மூடினேன். "ஓம் அம்மா. திண்டிட்டன். மீன்தான். மறுகா எடுக்கன்." பத்து நொடிக்குள் சுத்தமாக வந்தது. என் கைவேலையில் எனக்கே ஒரு திருப்தி. இரவு ரொட்னிக்கும் போட்டுக் காட்டினேன்.

மூன்றாம் நாள் காலை ரொட்னியின் மோட்டார் சைக்கிளில் வாவியைக் கடந்து வவுணதீவுப் பக்கம் போனோம். இரண்டு பக்கமும் வயல். எருமைக் கூட்டம் ஒன்று ரோட்டை மறித்துக்கொண்டு கால் மணி நேரம் அசையவில்லை. ஹாரன் அடிக்கலாமே என்றேன். "அடிச்சா இன்னும் நிக்கும்," என்றார் ரொட்னி. எனக்கு அந்தத் தாமதம் வேண்டியிருந்தது. எருமைகள் போன பிறகு அவர் வண்டியைக் கிளப்பாமல் கேட்டார், "வெட்டினதத்தானே போடுவீங்க?" ஆமாம் என்றேன்.

வீட்டு வாசலில் தர்ஷிகாவின் அப்பா நின்றார். யார், எதற்கு என்று ரொட்னி சொன்னதும், "வட்டைக்குள்ள வேலை இரிக்கு, இரிங்க," என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு ஐம்பது இருக்கும். சட்டியில் எருமைத் தயிரும் கருப்பட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அலமாரியில் மகளின் படத்துக்குப் பக்கத்தில் நான் அனுப்பிய மூன்றாவது பிரதி, மேல்தாள் கூடப் பிரிக்காமல் இருந்தது.

தயிரைத் தொடுவதற்கு முன்னால் சொன்னேன். "அம்மா, அவங்க பேசின டேப் முழுசா என்கிட்டத்தான் இருந்துச்சுங்க. அது மேல வேற பதிஞ்சு நான்தாங்க அழிச்சேன். தெரியாமச் செஞ்சேன்னு சொல்ல முடியாது. பேச்சு எதுக்குன்னு நினைச்சேன்."

அவர் என்னையே பார்த்தார். "எவ்வளவு இரிந்த மனே?"

"பேச்சு மட்டும் அரை மணி நேரம் இருந்திருக்கும்."

"அரை மணித்தியாலம்," என்றார். எழுந்து உள்ளே போனார். செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. வர நேரமாகியது. மன்னிக்கிறேன் என்றோ மன்னிக்கமாட்டேன் என்றோ அவர் கடைசி வரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் போனை எடுத்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"போன்ல வேணாம் மனே. போன்ல வந்ததெல்லாம் கேட்டாச்சி, அதுக்குள்ள அவள் இல்ல. அந்தக் கசற்றப் போடுங்க."

றிஸ்வியின் கேசட் வாக்மேனுக்குள் இருந்தது, வால் தொடங்கும் இடத்தில் நிறுத்தி வைத்தது. நான் ரொட்னியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். இவருக்கு இன்னொரு முறை வெட்டிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. போனைப் பையில் போட்டுவிட்டு ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன், பொத்தானை அமுக்கினேன்.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகம் மட்டும். முதலில் கண்ணை மூடினார். பிறகு திறந்தார். டேப் முடிந்து பொத்தான் எழும்பியதும் ரொட்னியின் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சேர் நீங்கதானா மகன்?"

"ஓம் அம்மா. மன்னிச்சிருங்க."

"எனக்குத் தெரியும். எந்தக் கிளாஸ்ல மனே தகரம் அடிக்கிற சத்தம் கேக்கும்? சனிக்கிழமை எடுத்தா ஒரே டமார் டமார். என்னமோ புள்ள சந்தோசமா இரிக்காள் எண்டு நானும் கேக்கல்ல." கொஞ்சம் சிரித்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "அண்டைக்கு அவள் திண்டவளா?"

"திண்டவள் அம்மா. எங்கிட வீட்டதான். மீன் கறி," என்றார் ரொட்னி. அது உண்மையா என்று திரும்பும் வழியிலும் நான் அவரைக் கேட்கவில்லை.

இன்னொரு முறை போடச் சொன்னார். சுழற்றி வைத்தேன். அமுக்கினேன்.

இந்த முறை அவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். போனைப் பிடிப்பதைப் போல வலது கை ஹெட்போன் மேல் போனது. நானும் ரொட்னியும் எதிரே இருந்தோம்.

"எங்க மகள் இரிக்காய்?" என்றார்.

எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் தலையை அசைத்தார்.

"சோறு திண்டியா?"

பொறுத்தார்.

"என்ன கறி?"

பொறுத்தார்.

"வெயிலுக்குள்ள வராத, பொழுது சாய வா. அப்பாவ பஸ்ஸடிக்கு அனுப்புறன்."

அந்த நாலாவது இடைவெளியில் என்ன இருந்தது என்று அதுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. ரொட்னி எழுந்து வெளியே போய்விட்டார். நான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, போனை வைக்கப்போகிறவர் போல அவசரமாக, "ஓம் மகள், ஓம். மறுகா எடு," என்றார்.

பொத்தான் எழும்பியது. அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை.